நகர எல்லையோடு நின்ற நியாய வாடகை: போடிநாயக்கனூர், குரங்கணி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

வீட்டுக்கு இவ்வளவுதான் வாடகை வாங்கலாம் என்று அரசு வரையறுக்கும் முறை தமிழகத்தில் 1941இல் வேர்விட்டது. போர்க்கால ஆணையாகப் பிறந்த அது 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாக வளர்ந்தது. 2019 பிப்ரவரி 22 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதன் காலம் முடிந்தது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்த ஏற்பாட்டின் மையத்தில் இருந்தது ‘நியாய வாடகை’ என்னும் கருத்து. குடியிருப்பவரின் தேவையையும் வீட்டுக்காரரின் பேராசையையும் மட்டும் வைத்து வாடகை தீர்மானிக்கப்படக் கூடாது, அதற்குப் பொதுவான அளவுகோல் வேண்டும் என்பதே அதன் பொருள்.

அந்த அளவுகோல் மாநிலம் முழுவதற்கும் போடப்பட்டதல்ல. தேனி மாவட்டத்தில் போடி எனப்படும் போடிநாயக்கனூர் நகராட்சி. அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் மலையடிவாரச் சிற்றூரான குரங்கணி. அதற்கு மேலே கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன் பக்கத்துத் தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்கள். அரைநாளில் ஏறிவிடக்கூடிய இந்தத் தொலைவுக்குள் வாடகைக்கு மூன்று விதமான நியதிகள் இருந்துவந்திருக்கின்றன. கீழே சட்டம் கணக்குப் போட்டது, நடுவில் வாய்ப்பேச்சு முடிவு செய்தது, மேலே வேலையோடு சேர்ந்து வீடு வந்தது.

நிலத்தின் வாடகை முதலில்

போடிநாயக்கனூர் பாளையமாக இருந்து ஜமீனான ஊர். ஜமீன் பகுதிகளில் நீண்டகாலம் வழக்குக்கு உரியதாக இருந்தது வீட்டு வாடகை அல்ல, நிலத்துக்கான தீர்வையும் வாரமும்தான். குடியானவருக்கும் ஜமீன்தாருக்கும் இடையிலான உறவை ஒழுங்குபடுத்த 1908இல் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் வந்தது. ஜமீன்தார் தம் விருப்பப்படி தீர்வையை ஏற்ற முடியாது, காரணம் காட்ட வேண்டும் என்ற நெறி இதில் இடம்பெற்றது. 1947இல் வந்த எஸ்டேட் நில வாடகைக் குறைப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அண்டையிலுள்ள, அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் ரயத்துவாரி நிலத்தின் தீர்வையை அளவாக வைத்து ஜமீன் நிலத்தின் தீர்வையைக் குறைத்தது. அடுத்த ஆண்டே ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

குத்தகைதாரர்களுக்கு 1956இல் சாகுபடிக் குத்தகைதாரர் நியாய வாரச் சட்டம் வந்தது. நஞ்சை விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் நிலக்காரருக்குப் போகக் கூடாது என்றது அது. பிற்காலத் திருத்தத்தில் இது 25 ஆகக் குறைந்தது. வாடகைக்கு உச்சவரம்பு வைக்கலாம் என்ற எண்ணம் இவ்வாறு வயலிலும் வீட்டிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் செயலுக்கு வந்தது.

மலைமேல் நிலைமை வேறு. குரங்கணிக்கு மேற்கே மலை முகட்டைத் தாண்டி, இன்றைய கேரளத்தில் உள்ள கண்ணன் தேவன் மலைகளை, 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு அரசர் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய், ஆண்டு வாடகை 3,000 ரூபாய். 200 சதுர மைலுக்கும் அதிகமான மலைநாட்டுக்கு இவ்வளவுதான். அந்த நிலத்தில் விளைந்த தேயிலையின் மதிப்பு எவ்வளவோ மடங்கு ஏறிய பிறகும் ஒப்பந்தத்தின் அடிப்படை மாறவில்லை. 1971இல் கேரள அரசு தனிச்சட்டம் இயற்றித்தான் சாகுபடி செய்யப்படாத நிலங்களை மீட்டது. காலத்தோடு உயராத வாடகை யாருக்கு ஆதாயம் என்பதை நிர்ணயிப்பது, கையெழுத்திட்ட நாளில் யார் பக்கம் வலு இருந்தது என்பதே. இந்தப் பாடம் பின்னாளில் நகர வீடுகளுக்கும் பொருந்தியது.

சந்தை ஊரும் வாடகை வீடும்

மலையில் விளைந்தது போடி வழியாகவே வெளியே போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி அடிவாரம் வரை அமைந்த கம்பிவடப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அங்கிருந்து வண்டியில் போடி சேர்ந்தன. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. ஏலக்காய் வணிகம் ஊரின் முதுகெலும்பானது. மண்டிகள், கமிஷன் கடைகள், ஏலக்காயைத் தரம் பிரிக்கும் கூடங்கள், இலவம்பஞ்சுக் கிடங்குகள் பெருகின. காய் ஆயும் பெண்கள், சுமை தூக்குவோர், கணக்கர்கள், ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் என வாடகை வீடு தேடும் கூட்டமும் வளர்ந்தது.

இவர்கள் குடியிருந்தது பெரும்பாலும் காம்பவுண்டு வீடுகளில். பொது வாசல், பொது முற்றம், பொதுக் கிணறு, பின்னால் பொதுக் கழிப்பறை. சுற்றிலும் ஓரறை, ஈரறை வீடுகள். தென்மாவட்ட நகரங்கள் பலவற்றிலும் அடுக்குமாடிக்கு முன்னோடி இதுதான். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவதில்லை என்ற வழக்கத்தால், குடி மாற்றமும் வாடகைப் பேச்சும் தை, வைகாசி, ஆவணி என்று சில மாதங்களில் குவிந்தன.

வாடகைக்கும் அரசுக்கும் முதல் தொடர்பு வரி வழியாக ஏற்பட்டது. 1920ஆம் ஆண்டு சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி சொத்து வரிக்கு அடிப்படை, கட்டடத்தின் ஆண்டு மதிப்பு. ஒரு கட்டடம் நியாயமாக எவ்வளவு வாடகைக்குப் போகும் என்று மதிப்பிட்டு, அதில் நூற்றுக்குப் பத்தைக் கழித்து அந்த மதிப்பைக் கண்டார்கள். வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வருவதற்கு 20 ஆண்டு முன்பே, நியாயமான வாடகை எது என்ற கேள்வி நகராட்சியின் வரிப் பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டது.

போர் கொண்டுவந்த தடை

வாடகைக் கட்டுப்பாடு உலகெங்கும் போரின் பிள்ளை. முதல் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் குடும்பங்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடியதை அடுத்து 1915இல் பிரிட்டனில் வாடகை உயர்வுக்குத் தடை வந்தது. இந்தியாவில் பம்பாய் 1918இலும் கல்கத்தா 1920இலும் சட்டம் செய்தன. சென்னை மாகாணம் இரண்டாம் போரின்போது, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. அடுத்த ஆண்டு ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தில் சென்னையிலிருந்து பல்லாயிரம் பேர் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தபோது, சிற்றூர்களிலும் வீட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. போடிக்கு அந்தப் போர் இன்னொரு இழப்பையும் தந்தது. போர்த் தேவைக்காக மதுரை–போடி ரயில் பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 1950களில்தான் பாதை திரும்ப அமைந்தது.

போர் முடிந்தும் தட்டுப்பாடு முடியவில்லை. எனவே ஆணை சட்டமானது. 1946இல் சென்னைக் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக 1949இல் அதே பெயரில் மற்றொரு சட்டமும் வந்தன. 1940 ஏப்ரல் 1க்கு முந்தைய 12 மாதங்களில் அந்தப் பகுதியில் நிலவிய வாடகையே இவற்றின் அளவுகோல். அதன்மேல் சொற்ப சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம். குறைந்த வாடகை வீடுகளுக்கு ஏற்றமும் குறைவு, பெரிய வாடகைக்குச் சற்று அதிகம். விலைவாசி பல மடங்கு ஏறிய 1950களிலும் வாடகை மட்டும் போருக்கு முந்தைய ஆண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு

1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம் அளவுகோலையே மாற்றியது. பழைய வாடகையைப் பார்க்காமல் கட்டடத்தின் மதிப்பைப் பார்த்தது. மனையின் சந்தை விலை, பொதுப்பணித் துறையின் விகிதப்படி கட்டுமானச் செலவு, அதில் கட்டடத்தின் வயதுக்கேற்ற தேய்மானக் கழிவு, வசதிகளுக்கென ஒரு வரம்புக்குள் கூடுதல் என்று மொத்த மதிப்பைக் கண்டார்கள். குடியிருப்புக்கு அதில் ஆண்டுக்கு 6 சதவீதமும் கடைகளுக்கு 9 சதவீதமும் நியாய வாடகை. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் இவற்றை முறையே 9, 12 என உயர்த்தியது. மனையும் கட்டடமுமாக 2 லட்சம் ரூபாய் பெறும் வீட்டுக்கு முதல் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வரும், திருத்தக் கணக்கில் 1,500. அதுவே கடையானால் 2,000.

இந்தச் சட்டம் சென்னை மாநகருக்கும் மாநிலத்தின் நகராட்சிகளுக்கும் பொருந்தியது. மற்ற இடங்களுக்கு நீட்டிக்க அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். நகராட்சியான போடி உள்ளே வந்தது. குரங்கணி போன்ற சிற்றூர்கள் வெளியே நின்றன.

நியாய வாடகை கோரி வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுச் செய்யலாம். மேல்முறையீடும் சீராய்வும் உண்டு. ஒருமுறை நிர்ணயித்துவிட்டால், வீட்டுக்காரர் தம் செலவில் கட்டடத்தைக் கூட்டவோ மேம்படுத்தவோ செய்தாலன்றி உயர்த்த இயலாது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. தண்ணீரையும் விளக்கையும் நிறுத்திக் குடியிருப்பவரை விரட்டக் கூடாது. வேண்டுமென்றே வாடகை கொடாமை, உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்தைச் சேதப்படுத்துதல், சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் போன்ற காரணங்களுக்கு மட்டுமே காலி செய்யச் சொல்லலாம்.

விலக்குகளும் இருந்தன. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு 5 ஆண்டு விலக்கு. கட்டுமானத்தை ஊக்குவிப்பதே நோக்கம். மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புக்கும் 1973 முதல் விலக்கு. அதற்குமுன் வரம்பு 250. கோயில்களுக்கும் அறநிலையங்களுக்கும் சொந்தமான கட்டடங்களுக்கு 1976 ஆகஸ்டு அரசாணை விலக்களித்தது. பின்னர் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றங்கள் வரைந்த வடிவம்

சட்டத்தின் பொருளைப் பல இடங்களில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கியது. ராவல் கம்பெனி வழக்கில் வழங்கிய தீர்ப்பின்படி, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே நியாய வாடகை நிர்ணயிக்கக் கோரலாம். பேசிய வாடகையைவிட அது அதிகமாகவும் இருக்கலாம். சட்டம் குடியிருப்பவருக்கு மட்டுமான கவசம் என்ற எண்ணம் இத்துடன் தளர்ந்தது. 1979இல் தனபால் செட்டியார் வழக்கில் 7 நீதிபதிகள் அமர்வு, வாடகைச் சட்டத்தின் கீழ் வெளியேற்றம் கோர சொத்து மாற்றுச் சட்டத்தின் நோட்டீஸ் தேவையில்லை என்றது. 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் 400 ரூபாய் வரம்பு செல்லாததானது. 1973இல் வசதியானவரின் வாடகையாக இருந்த 400 ரூபாய், விலைவாசி ஏற்றத்தால் சாமானியரின் வாடகையாகிவிட்டது, கடைகளுக்கு இல்லாத வரம்பு வீடுகளுக்கு மட்டும் ஏன் என்று நீதிமன்றம் கேட்டது.

வரிக்கும் வாடகைக்கும் இருந்த பழைய உறவு குண்டூர் நகராட்சி வழக்கில் முடிச்சிடப்பட்டது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரி மதிப்பிடும்போது, வாடகைச் சட்டத்தின் நியாய வாடகையைத் தாண்டி மதிப்பிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். வாடகை உறைந்ததால் நகராட்சிகளின் வருவாயும் உறைந்தது. 1997இல் மகாராஷ்டிர வாடகைச் சட்டம் குறித்த மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில், காலத்தோடு மாறாத வாடகை நியாயமற்றதாகிவிடும் என்ற கருத்தை அதே நீதிமன்றம் வலியுறுத்தியது. பழைய சட்டங்களின் முடிவு அங்கே தொடங்கிவிட்டது எனலாம்.

சட்டத்தைச் சுற்றி வளர்ந்த வழக்கங்கள்

வாடகையை அடைத்தால் பணம் வேறு வாசல் வழியாகப் புகும். ஒரு மாத முன்பணம் என்று சட்டம் சொன்னாலும் 10 மாத அட்வான்ஸ் தமிழக நகரங்களில் இயல்பானது. ரசீது கொடுக்காமல் வாங்குவதும், ரசீதில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையுமாக வாங்குவதும் நடந்தன.

மதுரை, தேனி வட்டாரங்களில் வேரூன்றிய வழி ஒத்தி. குடியிருப்பவர் பெருந்தொகை ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுப்பார். மாத வாடகை கிடையாது. பணத்துக்கு வட்டியும் கிடையாது. ஓராண்டோ மூன்றாண்டோ கழித்துக் காலி செய்யும்போது கொடுத்த தொகை முழுவதும் திரும்ப வரும். வட்டிதான் வாடகை. மகள் திருமணத்துக்கோ, கடன் அடைக்கவோ, ஏலக்காய் வாங்க முதல் போடவோ ஒரே நேரத்தில் பணம் தேவைப்படும் வீட்டுக்காரருக்கு இது வங்கிக் கடனைவிடச் சுலபம். கையில் சேமிப்புள்ளவருக்கு மாதச் சுமை இல்லை. அனுபவ அடமானம் என 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்வதற்கு நெருங்கிய இந்த ஏற்பாடு, வாடகையே பேசப்படாததால் நியாய வாடகைக் கணக்குக்கு எளிதில் பிடிபடவில்லை. சேமிப்பில்லாத கூலித் தொழிலாளருக்கோ இந்தக் கதவு மூடியே இருந்தது.

மற்றொரு வழக்கம் 11 மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க முத்திரைத் தாளில் 11 மாதம் எழுதி, புதுப்பிக்கும்போது 5 முதல் 10 சதவீதம் உயர்த்துவது ஊர் வழக்கமானது. இந்த விகிதத்தை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. ஆனாலும் ‘வழக்கமான ஏத்தம்’ என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரே அளவுகோல் இதுதான்.

குரங்கணியும் மலையும்

கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்த குரங்கணியில் பெரும்பாலும் சொந்த வீடுகள். வாடகைக்கு வந்தவர்கள் ஆசிரியர், வனத்துறை ஊழியர், தோட்டக் கணக்கர் போன்றோர். அவர்களுக்குப் பொருந்தியது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் மட்டுமே. மாதக் குடித்தனத்தை முடிக்க 15 நாள் முன்னறிவிப்பு போதும் என்கிறது அதன் 106ஆம் பிரிவு. வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது, வெளியேற்றத்துக்குக் காரணம் காட்ட வேண்டியதும் இல்லை. நடைமுறையில் இருவரும் ஒரே ஊரில் அறிமுகமானவர்கள் என்பதே பாதுகாப்பு.

மலைமேல் தோட்டங்களில் வாடகை என்பதே வேறு வடிவம் கொண்டது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தோட்டத்தில் தங்கும் தொழிலாளர் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்துப் பராமரிக்கும் கடமையை நிர்வாகத்தின்மேல் வைத்தது. லயம் அல்லது லைன் வீடு எனப்படும் வரிசை வீடுகளுக்கு மாத வாடகை கேட்கும் வழக்கம் இல்லை. உண்மையில் அந்த வாடகை கூலிக்குள் கழிந்துபோனது. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றாலும் வேலை போனாலும் வீட்டையும் விட வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தவர்களுக்கும் அதில் உரிமை பிறக்கவில்லை. 2020ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் தோட்டத் தொழிலாளர் சட்டம் சேர்க்கப்பட்டது.

லயத்தில் தங்க விரும்பாதவர்கள் போடி, தேவாரம் போன்ற ஊர்களில் குடியிருந்து, விடியற்காலை ஜீப் ஏறிக் கேரளத்தின் இடுக்கித் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். இவர்களால் மலைத் தோட்டங்களின் வீட்டுச் சுமை அடிவாரத்து வாடகைச் சந்தைக்கு இறங்கியது. ஏலக்காய் விலை ஏறும் ஆண்டில் ஆள் தேவை கூடுகிறது, வாடகை வீட்டுக்கான தேவையும் கூடுகிறது.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

வீட்டு உரிமையாளர்கள் மற்றும் குடியிருப்போரின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டட மதிப்பில் இத்தனை சதவீதம் என்ற கணக்கை அது கைவிட்டது. வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு உயரும் என்பதை இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெற வேண்டும். முன்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்ற பட்டியலும் உண்டு. தகராறு வந்தால் வாடகை நீதிமன்றம், அதன்மேல் தீர்ப்பாயம். பழைய குடித்தனங்களை எழுத்துக்குக் கொண்டுவரக் கொடுத்த காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. 2021இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டமும் இதே தடத்தில் நடந்து, குடியிருப்புக்கான முன்பணத்தை 2 மாதமாகக் குறைத்தது.

இந்தச் சட்டமும் நகர்ப்புறத்துக்கே. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைகளுக்குள் செல்லும். வேலையோடு தரப்படும் வீட்டுக்குப் பொருந்தாது. ஆக 1960இல் குரங்கணிக்கும் லயத்துக்கும் வெளியே நின்ற வாடகைச் சட்டம் இன்றும் அங்கேயே நிற்கிறது.

சராசரி என்ற எண்

வாடகை நியாயமா என்று கேட்பவர் முதலில் அறிய வேண்டியது சுற்றுப்புறத்தில் நிலவும் வாடகை. மனைகளுக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக உண்டு. வாடகைக்கு அப்படியொரு பொதுப் பதிவேடு வளரவில்லை. நாட்டளவில் வீட்டு வாடகையைத் தொடர்ந்து அளந்தது நுகர்வோர் விலைக் குறியீட்டெண். 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தத் தொடரில் வீட்டு வசதிக்கு நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 21.67 பங்கு எடை இருந்தது. ஊரகத்துக்கு வாடகைக் குறியீடே கணக்கிடப்படவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 சதவீதம் வாடகை வீட்டில் இருந்தன. தமிழக நகரங்களில் இந்த விகிதம் அதைவிட அதிகம்.

மாநிலம் முழுவதற்கும் ஒரே சராசரி சொல்வதில் பயனும் குறைவு. சென்னையின் அடுக்குமாடி வாடகையையும் போடியின் காம்பவுண்டு வாடகையையும் கூட்டி வகுத்தால் வரும் எண் இரண்டு ஊருக்கும் பொருந்தாது. உயர்வுக்குத் தூண்டும் காரணங்களும் ஊருக்கு ஊர் வேறு. 2022இல் சொத்து வரி திருத்தப்பட்டபோது நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதமும், அளவு கூடக் கூட 100 சதவீதம் வரையும் வரி ஏறியது. அந்தச் சுமையின் ஒரு பகுதி வாடகைக்கு நகர்வது இயல்பு. அகலப்பாதையாக மாற்றுவதற்காக நிறுத்தப்பட்டிருந்த ரயில் 2023 ஜூன் 15 அன்று போடிக்குத் திரும்பி வந்ததும் இத்தகைய மற்றொரு காரணி.

80 ஆண்டு அனுபவத்தில் மூன்று அளவுகோல்கள் சோதிக்கப்பட்டுவிட்டன. 1940ஆம் ஆண்டு வாடகையோடு கட்டிப்போட்டது குடியிருப்பவரைக் காத்தது, புது வீடு கட்டும் ஆர்வத்தைக் குறைத்தது. கட்டட மதிப்பில் சதவீதம் என்பது கொள்கையில் நேர்மையானது, நடைமுறையில் பொறியாளர் அறிக்கைக்கும் நீண்ட வழக்குக்கும் வசதியுள்ளவருக்கே பயன்பட்டது. இன்றைய ஒப்பந்த முறை எளிமையானது. ஆனால் பேரம் பேசும் வலு சமமாக இருந்தால்தான் அது நியாயம் தரும். அந்த வலுவைத் தருவது தகவல். பதிவான ஒப்பந்தங்களிலிருந்து ஊர்வாரி, தெருவாரி வாடகை விவரத்தை அரசு ஆண்டுதோறும் வெளியிட்டால், காய் ஆயும் தொழிலாளிக்கும் வீட்டுக்காரருக்கும் பேச ஒரே அடிப்படை கிடைக்கும். நகர எல்லைக்கு வெளியே உள்ள சிற்றூர்களுக்கும், வேலையோடு வீட்டையும் இழக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் சட்டத்தில் இடம் தருவது அதற்கடுத்த கடமை.